ஓகாவா அம்மாள் சீவிய கட்டை

யாய்சு, ஜப்பான்
19-5-1974

அன்புள்ள சியாமளா,

நீ உயிரோடுதானே இருக்கிறாய்? கோபப்படாதே, காரணமாகத்தான் கேட்கிறேன். நான் தங்கியிருக்கும் வீட்டு அம்மாள் நேற்று சாயங்காலம் உன் போட்டோவுக்கு முன்னால் ஊதுபத்தி ஏற்றி, சின்னக் கிண்ணத்தில் தேநீர் வைத்து, கை கூப்பிக் கும்பிட்டார். நம் கல்யாணத்தன்று செங்கல்பட்டு ஸ்டூடியோவில் எடுத்த போட்டோ. பாதிப் படத்தில் நானும் இருக்கிறேன். எனக்குத் தேநீர் இல்லை.

நடந்தது இதுதான். படகு இன்ஜின் படிக்க என்னை அனுப்பியிருக்கும் இந்த ஊர் பெரிய மீன்பிடித் துறைமுகம். காலையில் மீன், மத்தியானம் மீன், ராத்திரியும் மீன். நடுவில் மீனைப் பற்றிய பேச்சு. என்னோடு பயிற்சிக்கு வந்த மற்ற தேசத்துக்காரர்கள் கன்னம் உப்பிக்கொண்டு வருகிறார்கள். கொக்கிலமேட்டுக் குப்பத்தில் பிறந்து, பேசக் கற்றுக்கொள்ளும் முன்பே மீனில் முள் எடுக்கக் கற்றுக்கொண்ட நான் ரொட்டியும் ஜாமும் தின்கிறேன். இந்த வேடிக்கையை யாரிடம் சொல்வது?

வீட்டுக்கார அம்மாளின் பெயர் ஓகாவா. கணவர் இல்லை, பிள்ளைகளும் இல்லை. வந்த அன்று எனக்காக ஒரு முழு மீனைச் சுட்டு, வால் வளையாமல், கண் பிதுங்காமல், சாமிக்குப் படைப்பதுபோல் வைத்தார். நான் கையை ஆட்டி வேண்டாம் என்றேன். மறுநாளும் அப்படியே. மூன்றாம் நாள் எங்கள் ஒர்க்ஷாப் இன்ஜினீயர் நிஷிமுராவை அழைத்து வந்துவிட்டார். அவருக்கும் எனக்கும் சேர்த்தால் ஒரு ஆளுக்குப் போதுமான இங்கிலீஷ் தேறும். "உங்கள் வீட்டில் யார் இறந்துவிட்டார்கள்?" என்று கேட்டார். இங்கே வீட்டில் சாவு விழுந்தாலும், இறந்தவருடைய நாள் வந்தாலும் மீன் தொட மாட்டார்களாம். வேறு எந்த மனிதன் மீனை வேண்டாம் என்பான்?

நான் அவசரப்பட்டு, "என் மனைவிக்காக விட்டேன்" என்றேன். அவ்வளவுதான். ஓகாவா அம்மாளின் கண் கலங்கிவிட்டது. மிச்சத்தைத்தான் மேலே எழுதிவிட்டேனே. நிஷிமுராவை மறுபடி பிடித்து வந்து, நீ மாமல்லபுரம் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பை அதட்டிக்கொண்டு சௌக்கியமாக இருக்கிறாய் என்று புரியவைப்பதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது.

அம்மாவிடம் நான் நன்றாகச் சாப்பிடுகிறேன் என்று சொல். உன் அப்பாவிடம், அவர் கூடத்தில் வைத்து நான் சொன்ன வார்த்தை கடல் தாண்டியும் கெடவில்லை என்று சொல்.

உன்,
நீலமேகம்


கொக்கிலமேடு
9-6-1974

என் அன்புள்ளவருக்கு,

உயிரோடுதான் இருக்கிறேன். தேநீருக்கு நன்றி சொல்லுங்கள். இங்கே எனக்கு யாரும் இப்படிக் கும்பிட்டுத் தேநீர் தருவதில்லை.

கடிதம் வந்தது சனிக்கிழமை. அன்றே அதை எடுத்துக்கொண்டு செங்கல்பட்டில் அப்பா வீட்டுக்குப் போனதால் முதலில் படித்தது அப்பா. மூக்குக் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து இரண்டு தடவை படித்தார். பிறகு அம்மாவைக் கூப்பிட்டு, "பார்த்தாயா, மீன் கடலுக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டு ரொட்டி தின்கிறார் மனுஷன்" என்றார். மனுஷன் என்றாலும் மரியாதையாகத்தான் சொன்னார். நம் கல்யாணத்துக்கு வராத அப்பா, அன்று சாயங்காலமே உங்கள் கடிதத்தை ஸ்டேஷன் ரோட்டு வாசகசாலைக்கு எடுத்துக்கொண்டு போய்ப் படித்துக் காட்டிவிட்டு வந்தார். எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது தெரியுமா? மூன்று வருஷத்துக்கு முன்னால் மீனே நுழையாத அதே கூடத்தில் நீங்கள் நின்றுகொண்டு, "இனிமேல் மீன் என் வாயில் போகாது" என்று சொன்னதும், அப்பா உட்காரச் சொல்லிக் கைகாட்டியதும் நினைவுக்கு வந்தது.

ஞாயிற்றுக்கிழமை இங்கே வந்து அத்தைக்குப் படித்தேன். பக்கத்து வீட்டு பொன்னியும் வந்து உட்கார்ந்துகொண்டாள். ஊதுபத்திக் கதையைக் கேட்டு பொன்னி தரையில் கையை அடித்துச் சிரித்தாள். அத்தை சிரிக்கவில்லை. "அந்தப் பொம்பள சொன்னதுல இன்னா தப்பு கீது?" என்று கேட்டுவிட்டுக் கருவாட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். அன்று சந்தையே கிடையாது.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. நான் ஏதும் தப்பாகப் படித்துவிட்டேனோ என்று கடிதத்தை மறுபடி எடுத்துப் பார்த்தேன்.

மற்றபடி அத்தையும் நானும் நன்றாகத்தான் இருக்கிறோம். உள்ளே என் அடுப்பு, புழக்கடையில் ஓலைச் சரிவுக்குக் கீழே அவர் அடுப்பு. மீன் ஆக்கிய நாளில் கை கால் கழுவி, புடவை மாற்றிக்கொண்டுதான் உள்ளே வருவார். வேண்டாம் என்று நான் சொல்லிப் பார்த்துவிட்டேன். "ஒனக்குக் கொமட்டும், போ" என்கிறார்.

பருப்புப்பொடியும் புளிக்காய்ச்சலும் கப்பல் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். அது வந்து சேருவதற்குள் நீங்களே திரும்பிவிடுவீர்கள் என்று தபால் ஆபீசில் சிரித்தார்கள். எத்தனை கிலோ இளைத்திருக்கிறீர்கள்? ஒளிக்காமல் எழுதுங்கள்.

உங்கள்,
சியாமளா


யாய்சு
7-7-1974

அன்புள்ள சியாமளா,

இந்தப் பத்தியை அம்மாவுக்குப் படிக்காமல் தாண்டிவிடு. போன மாதக் கடைசியில் ஒர்க்ஷாப்பில் பிளைவீல் என்கிற கனமான இன்ஜின் சக்கரம் ஒன்றைத் தூக்கும்போது கண் இருட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்துவிட்டேன். டாக்டர் வந்து பார்த்தார். வியாதி ஒன்றும் இல்லை, சாப்பாடுதான் இல்லை என்றார். இப்படியே போனால் பயிற்சியை நிறுத்தி ஊருக்கு அனுப்ப வேண்டியிருக்கும் என்று நிஷிமுரா சொன்னார். இப்போது சரியாகிவிட்டது, பயப்படாதே.

இனி சத்தமாகவே படி. எனக்கு ஒரு சூப் கிடைத்துவிட்டது! ஓகாவா அம்மாள் கண்டுபிடித்த வழி. மீன் துண்டு ஒன்றுகூட இல்லாத சூப். சோயா மொச்சையைப் பாலாக்கித் திரியவைத்த வெள்ளைக் கட்டியைச் சதுரம் சதுரமாக வெட்டிப் போடுகிறார். வெங்காயத் தாள் போடுகிறார். முக்கியமான சாமான் வேறு. அது ஒரு மரக்கட்டை.

சிரிக்காதே. உள்ளங்கை நீளத்துக்கு ஒரு கட்டை, கருங்காலி மாதிரி இறுக்கம். ஒன்றோடு ஒன்று தட்டினால் 'டக் டக்' என்கிறது. தச்சனின் இழைப்புளியைக் கவிழ்த்து வைத்த மாதிரி ஒரு பெட்டி. அதன்மேல் கட்டையை வைத்து இழைக்கிறார். சீவல் பெட்டிக்குள் விழுகிறது, மெல்லிசாக, சந்தன நிறத்தில். அடியில் இருக்கும் இழுப்பறையைத் திறந்து அள்ளி, கொதிக்கிற தண்ணீரில் போட்டு, வடித்துவிடுகிறார். அந்தத் தண்ணீர்தான் சூப்புக்கு ஆதாரம். கொஞ்சம் புகை வாசனை. குடித்தால் வயிற்றில் ஒரு தெம்பு வருகிறது. இந்த மூன்று வருஷத்தில் எனக்கு இப்படி ஒரு ருசி கிடைத்ததில்லை. உன் ரசத்தைக் குறை சொல்லவில்லை, அடிக்க வராதே.

என்ன மரமோ தெரியவில்லை. காலையில் அந்த 'சர் சர்' சத்தம் கேட்டால் தூக்கம் தானாகக் கலைகிறது. உன் அப்பாவுக்கும் சொல். மூலிகை விஷயம் என்றால் அவருக்குப் பிடிக்குமே.

உன்,
நீலமேகம்


கொக்கிலமேடு
28-7-1974

என் அன்புள்ளவருக்கு,

நீங்கள் தாண்டச் சொன்ன பத்தியைத் தாண்டினேன். ஆனால் அத்தை கடிதத்தையா பார்க்கிறார், என் மூஞ்சியைத்தானே பார்க்கிறார். "இன்னாத்த முழுங்கினே?" என்று கேட்டு வாங்கிவிட்டார். மயக்கம் போட்டதைச் சொன்னதும் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். நான் பயந்துபோய் அடுத்த பத்தியை வேகமாகப் படித்தேன்.

கட்டை என்றதும் தலையை நிமிர்த்தினார். "தட்டினா டக்குனு கீதா? சீவினா பொகை வாசனயா?" என்றார். மறுபடி படிக்கச் சொன்னார். பிறகு அவர் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, நான் இந்த வீட்டுக்கு வந்த நாளாக அப்படிப் பார்த்ததில்லை. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "மரமாம்! எம்புள்ள மரம் துன்றானாம்! திருக்கழுக்குன்றம் சந்தையில அந்தத் தூத்துக்குடி யாவாரி கடயில இந்த மரம் கட்டுக்கட்டா தொங்குது, போய்ப் பாரு" என்றார்.

அதற்கு மேல் அதைப் பற்றி எழுத வேண்டாம் என்று பார்க்கிறேன். நீங்கள் அந்தக் கட்டையைப் பற்றி அங்கே யாரையும் விசாரிக்காதீர்கள். என்ன மரமாக இருந்தால் நமக்கென்ன? டாக்டரே சொல்லியிருக்கிறார். பேசாமல் குடியுங்கள். அப்பாவிடம் கடிதத்தைக் காட்டாமல் வைத்துவிடலாம் என்று நினைத்தேன், அதற்குள் அவரே என் பையிலிருந்து எடுத்துப் படித்துவிட்டார். ஜப்பானில் ஒரு தெய்வீக மரம் இருக்கிறதென்றும், அதைச் சீவிக் குடித்தால் மாமிசமே தேவையில்லை என்றும் வாசகசாலை முழுக்கச் சொல்லிவைத்திருக்கிறார். எனக்குத் தர்மசங்கடமாக இருக்கிறது.

அன்று சிரித்து ஓய்ந்த பிறகு அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டார். அப்புறம் ஒரு வார்த்தை சொன்னார். ███████████████

அதை எழுத ஆரம்பித்து அடித்துவிட்டேன். வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்காதீர்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். எனக்கு இப்போதெல்லாம் உங்களைப் பார்க்க வேண்டும்போல் ரொம்ப இருக்கிறது.

சியாமளா


யாய்சு
18-8-1974

அன்புள்ள சியாமளா,

வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். 'நான் உ' என்பது வரைக்கும்தான் தெரிந்தது. உனக்குப் பொய் சொல்லத் தெரியாது; ஒளிக்கவாவது கற்றுக்கொள்ளக் கூடாதா? விசாரிக்காதே என்று நீ எழுதியது வந்து சேர்வதற்குள்ளாகவே எல்லாம் வெளியாகிவிட்டது.

இங்கே இந்த வாரம் இறந்தவர்கள் வீடு திரும்புகிற பண்டிகை. நம் மகாளய பட்சம் மாதிரி என்று வைத்துக்கொள். வெள்ளரிக்காயில் குச்சிகளைக் குத்திக் குதிரை செய்கிறார்கள், கத்தரிக்காயில் மாடு செய்கிறார்கள். போனவர்கள் குதிரையில் சீக்கிரமாக வந்துவிட்டு, மாட்டில் மெதுவாகத் திரும்பிப் போக வேண்டுமாம். ஓகாவா அம்மாளின் கணவர் சூரை மீன் படகில் போய்த் திரும்பி வராதவர். அவருக்காக வாசலில் நெருப்பு மூட்டி வழிகாட்டினார்கள். என் அப்பாவும் அப்படித்தானே போனார். நானும் பக்கத்தில் நின்று கும்பிட்டேன்.

இந்த நாட்களில் வீட்டில் மீன் சமையல் இல்லை. பூசணி, கத்தரி, காளான், அந்த வெள்ளைக் கட்டி, எள்ளு அரைத்துச் செய்த களி மாதிரி ஒன்று. எல்லாத் தட்டிலும் நான் கை வைக்கலாம். செத்தவர்களுக்குச் சமைக்கிற நாளில்தான் எனக்கு இந்த ஊரில் பந்தியில் இடம்! நன்றாக வெளுத்துக் கட்டினேன். சூப்பில் மட்டும் ஏதோ குறைந்தது. பார்த்தால் அந்த இழைக்கிற பெட்டியைத் துணியில் சுற்றி மேல் பலகையில் வைத்திருந்தார். நிஷிமுரா வந்தபோது ஏன் என்று கேட்டேன். "இந்த நாட்களில் மீன் கூடாதே" என்றார். "அது மரம்தானே?" என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வையை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

சூரை மீன், சியாமளா! அவித்து, புகை போட்டு, மாதக்கணக்கில் காயவைத்த சூரை, அம்மா சொன்ன அந்தத் தூத்துக்குடி யாவாரி கடை மாசிக் கருவாடு மாதிரி. நான் ஒர்க்ஷாப்புக்குப் போகும் வழியெல்லாம் புகை விடுகிற கொட்டகைகள் இருக்கின்றன. செங்கல் சூளை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கருவாட்டுக்கூடை தூக்கி என்னைப் படிக்கவைத்தவளின் பிள்ளைக்கு இது தேவைதான்.

உன்னிடம் மறைக்க எனக்கு எதுவும் இல்லை. வாய்க்கு முதல் நாளே ஏதோ தெரிந்திருந்தது. கேட்டால் நிறுத்த வேண்டுமே என்று அது பேசாமல் இருந்துவிட்டது.

ஆனாலும் வார்த்தை வார்த்தைதான். உன் அப்பாவிடம் தலை நிமிர்ந்து பேச வேண்டும். ஓகாவா அம்மாளிடம் இனி வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். மீனை ஒளித்துக் கொடுத்துவிட்டோமே என்று அவர் வருத்தப்பட்டுத் தரையில் நெற்றி படக் குனிந்தார், எனக்குக் கூசிப்போய்விட்டது. அவர் கொடுத்தது ஒளித்து அல்ல. இங்கே அதை யாரும் மீன் என்றே எண்ணுவதில்லை, நாம் பெருங்காயத்தை எண்ணுகிற மாதிரி. இப்போது எனக்காகத் தினமும் கோவில் சாமியார்கள் செய்கிற சூப்பைச் செய்கிறார். அகலமாக, கறுப்பாக ஒரு கடல்பாசி, அதோடு காய்ந்த காளான், ராத்திரியே ஊறப்போட்டுவிடுகிறார். நம் வலையில் சிக்கினால் பிய்த்து எறிவோமே, அந்த ஜாதிப் பாசிதான். உடம்பு தேறிவிட்டது. சபதமும் தப்பித்தது. பக்கத்து வீட்டுக்காரிகள் மட்டும் ஓகாவா அம்மாளிடம், தினமும் இந்தச் சமையலா, உங்கள் வீட்டில் யார் போய்விட்டார்கள் என்று விசாரிக்கிறார்களாம்.

சரி, அம்மா என்ன சொன்னாள்? அடித்த வார்த்தையை எழுது.

நீலமேகம்


கொக்கிலமேடு
8-9-1974

என் அன்புள்ளவருக்கு,

எழுதுகிறேன். இதை எழுதாமல் எனக்குச் சோறு இறங்கவில்லை.

அன்று கட்டைக் கதையைக் கேட்டுச் சிரித்து முடித்த பிறகு, அத்தை முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "எங்க பக்கம் பொரட்டாசிச் சனிய வுட்டா, சாவு வுழுந்தாதான் அடுப்புல மீன் ஏறாது. ஒன் மாமனாரு கடலோட போனப்போ கருமாதி வரைக்கும் ஏறல. அப்பால ஏறிச்சு. இவன் வந்து, ‘அம்மா, இனிமே எனக்கு மீன் வைக்காத’ன்னான் பாரு, அன்னிக்கு எனக்குத் திக்குனு ஆயிடுச்சு. மூணு வருசமா இவன் காக்குற துக்கத்துக்குக் கருமாதியே வர்ல. நான் உசுரோடதானே கீறேன்?"

இதுதான் நான் அடித்த வார்த்தை.

அந்த ஜப்பான் அம்மாள் கேட்டதும் இதையேதானே? கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிற, உங்களை யாரென்றே தெரியாத ஒருத்திக்கு முதல் வாரமே தோன்றிய கேள்வி, உங்கள் அம்மாவோடு ஒரே கூரையில் இருக்கிற எனக்கு மூன்று வருஷமாகத் தோன்றவில்லை. கருவாடு விற்றுவிட்டு வந்து, புழக்கடையில் தனியாக உட்கார்ந்து, தனக்கு மட்டும் என்று ஒரு துண்டு மீனை வறுத்துக்கொண்டிருப்பார். நான் உள்ளே உங்களுக்குக் கத்தரிக்காய் வதக்கிக்கொண்டிருப்பேன். எவ்வளவு ஒற்றுமையான குடும்பம் என்று எனக்குப் பெருமை வேறு.

நீங்கள் சபதம் செய்தீர்கள், நான் கேட்கவில்லை என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். ஆனால் எனக்கு அது இனித்தது. எனக்காக ஒருவர் கடலையே விட்டுவிட்டார் என்று பள்ளிக்கூடத்தில் டீச்சர்களிடம் சொல்லிக்கொள்வேன். யாருடைய கையிலிருந்து பிடுங்கி எனக்குக் கொடுத்தீர்கள் என்று யோசித்தேனா?

சூப்பில் விழுந்த மீனைப் பற்றி எனக்குக் கவலையே இல்லை. அத்தைக்கு எது வலித்தது தெரியுமா? "அந்தூரு பொம்பள கையால துன்றான். அதுவாச்சும் துன்றானே" என்றார். அந்த 'அதுவாச்சும்' எனக்குத் தாங்கவில்லை.

வந்ததும் அம்மா கையால் மீன் சாப்பிட வேண்டும். நான் பக்கத்தில் உட்கார்ந்து என் ரசம் சோறு சாப்பிடுவேன். நான் பிறந்ததிலிருந்து தொடாததை இனியும் தொடப்போவதில்லை, அத்தையும் என்னைக் கேட்டதில்லை. நான் மட்டும் உங்களை மீனை விடச் சொல்லி எதற்குக் கேட்க வேண்டும்?

நேற்று அத்தை சந்தைக்குப் போன சமயம் புழக்கடை அடுப்பைப் பெயர்த்துக் கொண்டுவந்து என் அடுப்புக்குப் பக்கத்தில் மண் பூசி வைத்துவிட்டேன். பொன்னி கைகொடுத்தாள். அத்தை வந்து பார்த்து, "இன்னாம்மா இது, பேஜாரு புடிச்ச வேல!" என்று திட்டினார். சாயங்காலம் உள்ளேயே நெத்திலி ஆக்கினார். எனக்குக் குமட்டியது, வாசலுக்கு ஓடினேன். பொய் சொல்ல மாட்டேன். ஆனால் திரும்பி வந்து உட்கார்ந்துகொண்டேன்.

அப்பாவிடமும் சொல்லிவிட்டேன். மரம் மீன்தான் என்பதையும், நீங்கள் வந்து மீன் சாப்பிடப் போகிறீர்கள் என்பதையும், சாப்பிடச் சொன்னது நான்தான் என்பதையும். எழுந்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். பஸ் ஏறும்வரை திறக்கவில்லை. அந்த வீட்டுக் கதவு நமக்கு மறுபடி சாத்தினால் சாத்தட்டும் என்று வீறாப்பாக ஏறிவிட்டேன். திருக்கழுக்குன்றம் வருவதற்குள் அழுதுவிட்டேன்.

பதில் எழுதுங்கள். சீக்கிரம்.

சியாமளா


யாய்சு
29-9-1974

என் சியாமளா,

உன் கடிதம் வந்து இத்தனை நாள் எழுத முடியவில்லை. பேனாவை எடுப்பேன், அம்மாவின் வார்த்தை வந்து நிற்கும், மூடிவைத்துவிடுவேன்.

நான் அம்மாவிடம் அன்றைக்கு எப்படிச் சொன்னேன் தெரியுமா? அவள் வவ்வால் மீனுக்கு மஞ்சள் தடவிக்கொண்டிருந்தாள். வாசற்படியில் நின்றபடி சொல்லிவிட்டு, அவள் முகத்தைப் பார்க்காமல் பஸ்ஸுக்கு ஓடிவிட்டேன். உன் அப்பா உட்காரச் சொன்ன சந்தோஷம் எனக்கு. அம்மா சரி என்றுகூடச் சொல்லவில்லை. அதை நான் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

முந்தாநாள் நிஷிமுராவைக் கூப்பிட்டு ஓகாவா அம்மாளிடம் எல்லாவற்றையும் சொல்லச் சொன்னேன். "என் வீட்டில் யாரும் இறக்கவில்லை. என் அம்மா உயிரோடு இருக்கிறாள்" என்று முதல் வரியை நானே அவர் பாஷையில் மனப்பாடம் செய்து சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு எழுந்து போய் மேல் பலகையிலிருந்து அந்தப் பெட்டியை இறக்கித் துடைத்தார். மறுநாள் சாயங்காலம் நான் வரும்போது மேஜையில் சிவப்புப் பயறு போட்ட சோறும், சிவப்பாக ஒரு முழு மீனும் இருந்தன. நம் சங்கரா மாதிரி. நல்ல காரியங்களுக்குத்தான் இங்கே அந்த மீனை வைப்பார்களாம்.

வாசனை மூக்கில் ஏறியதும் எனக்கு வாய் ஊறியது. கை போகவில்லை. "முதல் கவளம் அம்மாவுடையது" என்றேன். எப்படிப் புரிந்ததோ, நிஷிமுரா சொல்லி முடிப்பதற்குள் தலையாட்டினார். மீனைக் கொண்டுபோய்க் கணவர் போட்டோவுக்கு முன்னால் கொஞ்ச நேரம் வைத்துவிட்டு, எடுத்துவந்து அவரே சாப்பிட்டார். எனக்குப் பாசி சூப். இரண்டு பேரும் சந்தோஷமாகச் சாப்பிட்டோம்.

எனக்கு ஒரு பயமும் இருக்கிறது. உன்னிடம்தான் சொல்ல முடியும். மூன்று வருஷம் விட்டுப்போனது, அம்மா எதிரில் வாயில் வைத்ததும் குமட்டிவிட்டால்? அவள் தாங்குவாளா? உன் அப்பாவுக்குத் தனியாக எழுதியிருக்கிறேன். அவர் வீட்டில் அவர் முறைப்படிதான் சாப்பிடுவேன், என் வீட்டில் என் அம்மா வைப்பதைச் சாப்பிடுவேன், இதற்குமேல் என்னை வைத்துக்கொள்வதும் விலக்குவதும் உங்கள் இஷ்டம் என்று. மரியாதையாகத்தான் எழுதினேன். அவரிடம் கொடுத்த வார்த்தையைத் திருப்பி வாங்குகிறேனே என்று மூன்று தடவை கிழித்துப் போட்டுவிட்டு எழுதினேன்.

டிசம்பர் கடைசியில் கப்பல். அம்மாவைக் கேள், என்ன மீன் ஆக்குவாள் என்று.

அடுப்பைப் பெயர்த்தாயாமே. உன்னைக் கட்டிக்கொண்டதுதான் நான் செய்த ஒரே உருப்படியான காரியம்.

நீலமேகம்


கொக்கிலமேடு
20-10-1974

என் அன்புள்ளவருக்கு,

மழை பிடித்துக்கொண்டது. ஓலைச் சரிவு போன வாரமே காற்றில் போய்விட்டது. அடுப்பு அங்கே இருந்திருந்தால் அதோடு போயிருக்கும். "நீ செஞ்சதும் நல்லதாப் போச்சு" என்கிறார் அத்தை. இதைவிடப் பெரிய பாராட்டை நான் எதிர்பார்க்கவும் இல்லை.

புரட்டாசிக் கடைசிச் சனிக்கிழமை அத்தைக்கும் மீன் இல்லாத நாள். ஒரே பானைச் சோறு, ஒரே குழம்பு, இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டோம். உங்களுக்கு இலை போடவில்லையே என்று இரண்டு பேருமே நினைத்தோம்.

அப்பா உங்கள் கடிதத்துக்குப் பதில் போடவில்லை, போடவும் மாட்டார். என்னோடு இன்னும் நேராகப் பேசுவதில்லை. அம்மா மூலமாகத்தான். ஆனால் போன வாரம் நான் செருப்பை மாட்டும்போது உள்ளேயிருந்து குரல் வந்தது: "அந்தக் கட்டையில் ஒரு துண்டு கொண்டுவரச் சொல். நான் தொட மாட்டேன். வேறு யாராவது என் எதிரில் தட்டிக் காட்டட்டும்." வாசகசாலையில் கேலி செய்கிறார்கள் போலிருக்கிறது. யாராக இருந்தாலும் மரம் என்றுதான் நினைத்திருப்பார்கள் என்று அவர் நிரூபிக்க வேண்டும். நல்ல இறுக்கமான துண்டாகப் பார்த்துக் கொண்டுவாருங்கள். நீங்கள் வந்து தட்டிக் காட்டுவதற்காவது அந்தக் கதவு திறந்துதானே ஆக வேண்டும்?

இனி அத்தை. உங்கள் கடிதத்தை முழுக்கப் படித்தேன், எந்தப் பத்தியையும் தாண்டவில்லை. குமட்டிவிடுமோ என்று நீங்கள் பயப்படுவதையும் படித்தேன். அத்தை சுவரைப் பார்த்துக்கொண்டு கேட்டார். முடித்ததும், "என்ன மீன் என்று கேட்கிறார், என்ன எழுதட்டும்?" என்றேன்.

"இன்னாத்துக்குப் பயப்படறான் கம்னாட்டி" என்றார். "அவன் துன்னா துன்னட்டும். கொமட்டுனா துப்பட்டும். ரசம் வோணும்னா ஒன் சட்டியில வாங்கி ஊத்திக்கினு போவட்டும். மீனுக்கா நான் அழுதுகினு கெடந்தேன்? அவன் அன்னிக்கு மூஞ்சியப் பாக்காம போனான் பாரு, அதுக்கு."

நான் பேனாவை எடுத்துக்கொண்டேன். "சரி அத்தை, கடைசியாக நீங்கள் ஒரு வரி சொல்லுங்கள், உங்கள் பேரில் எழுதுகிறேன்" என்றேன். இத்தனை கடிதத்திலும் அவர் தன் பேரில் ஒரு வரி எழுதச் சொன்னதில்லை. எழுந்து போய் அடுப்பில் குழம்பைக் கிளறிவிட்டு வந்தார். நான் எழுதியதை மறுபடி மறுபடி படிக்கச் சொன்னார். பிறகு ஒன்று சொன்னார். அதை அவர் சொன்னபடியே எழுதுகிறேன்:

நைனா, அம்மா உசுரோட சொகமா கீறேன். வந்து மூஞ்சியப் பாரு, அப்பால துன்னு.